போர்ஷன் முடிஞ்சுதா டீச்சர்?

கணக்கு டீச்சராக 22 வருடம் ஓடிவிட்டது. இத்தனை வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி எது தெரியுமா? "போர்ஷன் முடிஞ்சுதா?"

தலைமையாசிரியர் கேட்பார். ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பார். டீ குடிக்கும் நேரத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் கேட்பார். மார்ச் மாதம் வந்தால் என் வீட்டுக்காரரே கேட்பார்: "போர்ஷன் முடிச்சிட்டீன்னா ரெண்டு நாள் லீவு போடேன். குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்."

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பாடத்தை முடிக்க வேண்டியது எங்கள் கடமை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ம் பிரிவில் ஆசிரியரின் கடமைகள் வரிசையாக இருக்கின்றன. குறித்த காலத்துக்குள் முழுப் பாடத்திட்டத்தையும் நடத்தி முடிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதற்கு அடுத்த வரியைப் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது அந்த வரி.

முழுப் பாடமும் முடிய வேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் பார்க்கப்பட வேண்டும். இந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான் ஒரு கணக்கு டீச்சரின் பிழைப்பு ஓடுகிறது.

எங்கள் ஊர் காவிரி டெல்டாவின் கடைமடை. ஜூன் 12-ம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று டி.வி.யில் காட்டுவார்கள். எங்கள் வாய்க்காலுக்கு அது வந்து சேர நாளாகும். சில வருடம் வாய் நனைக்கும் அளவுக்குத்தான் வரும். பாடத்திட்டமும் அதே ஜூனில்தான் திறக்கிறது. முதல் பெஞ்சுக்கு உடனே பாய்ந்துவிடும். கடைசி பெஞ்சுக்கு எப்போது போகிறது, போகிறதா இல்லையா என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

நான் வேலை பார்ப்பது நடுநிலைப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் நான்தான் கணக்கு. ஆறாம் வகுப்புக்குச் சுற்றியிருக்கும் தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். கொரோனாவுக்குப் பிறகு, ஃபீஸ் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் உண்டு. புதுப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் நான் பாடப் புத்தகத்தைத் திறப்பதில்லை. அரைத் தாள் கொடுத்து நாலே நாலு கேள்வி கேட்பேன்.

ஒன்று, தொள்ளாயிரத்து ஆறு என்று எண்ணால் எழுத வேண்டும். இரண்டு, 402-லிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். மூன்று, 84 மிட்டாயை 7 பேருக்குப் பங்கு வைக்க வேண்டும். நான்கு, 1/4 பெரிதா, 1/8 பெரிதா?

நாலுமே ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் வந்திருக்க வேண்டியவை. ஆனால் பாதிப் பேருக்கு மேல் எங்காவது இடறுவார்கள். தப்பான விடைகளைத்தான் நான் ஆசையாகப் படிப்பேன். ஒவ்வொரு தப்பிலும் அந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று எழுதியிருக்கும்.

தொள்ளாயிரத்து ஆறுக்கு 9006 என்று எழுதும் பிள்ளையைப் பாருங்கள். அது காதால் கேட்டதை எழுதியிருக்கிறது. நம் தமிழில் தொண்ணூறுக்குள் ஒரு நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஓர் ஆயிரம் ஒளிந்திருக்கிறது. எண்பதுக்கு அப்புறம் ஒன்பது பத்து, எண்ணூறுக்கு அப்புறம் ஒன்பது நூறு என்று கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு அந்த ஆயிரம் ஆயிரமாகத்தான் கேட்கும்.

402-லிருந்து 178-ஐக் கழித்தால் 376 என்று நிறையப் பேர் எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் கோடு போடுவதற்கு முன், எப்படி வந்தது என்று பாருங்கள். 2-லிருந்து 8 போகாது, அதனால் 8-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. 0-லிருந்து 7 போகாது, அதனால் 7-ஐ அப்படியே எழுதிவிட்டது. 4-லிருந்து 1 போனால் 3. ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. அந்தப் பிள்ளை தானாகவே ஒரு விதி செய்து, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. விதிதான் தப்பு. "கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பக்கத்து வீட்டில் கடன் கேட்கப் போனால் அங்கே பூஜ்ஜியம். அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போகணும் என்று அதற்குத் தெரியவில்லை.

இப்போது பாடத்திட்டத்துக்கு வருகிறேன். நாடு முழுவதற்குமாக என்.சி.இ.ஆர்.டி. 2017-ல் கற்றல் விளைவுகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தது. எந்த வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு என்ன செய்ய வர வேண்டும் என்ற பட்டியல் அது. மூன்றாம் வகுப்பில் 999 வரை இடமதிப்போடு எழுதப் படிக்க வர வேண்டும். நான்காம் வகுப்பில் அரை, கால், முக்கால் அடையாளம் தெரிய வேண்டும். ஐந்தில் சமமான பின்னங்கள். ஆறில் பின்னத்தைக் கூட்டிக் கழித்து அன்றாடக் கணக்குப் போட வேண்டும். நம் மாநிலப் பாடநூலிலும் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் 'கற்றல் நோக்கங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும்.

இந்தப் பட்டியலைப் பலரும் மேலிருந்து கீழாக, முடிக்க வேண்டிய வேலையாகப் படிக்கிறார்கள். நான் அதை ஏணியாகப் படிக்கிறேன். ஆறாம் வகுப்புப் படியில் கால் வைக்க முடியாத பிள்ளைக்கு, கீழே எந்தப் படி உடைந்திருக்கிறது என்று அந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே விகிதம் பாடம் வந்துவிடும். பின்னங்கள் பாடம் மூன்றாம் பருவத்தில்தான் வரும். 12-க்கு 18 என்ற விகிதத்தை 2-க்கு 3 என்று சுருக்க, பிள்ளை கீழ் வகுப்பிலேயே சமமான பின்னத்தைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காத பிள்ளை ஜூலை மாதமே கை நழுவிவிடும். அப்புறம் ஜனவரியில் பின்னம் நடத்தும்போது, அது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பூ வரைந்துகொண்டிருக்கும்.

அதனால் என் 40 நிமிட பீரியடில் முதல் 15 நிமிடத்தை ஏணியின் கீழ்ப் படிகளுக்கு ஒதுக்கினேன். இந்த யோசனை என் சொந்தச் சரக்கு இல்லை. 2022-ல் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு அது நான்கு, ஐந்துக்கும் வந்தது. 2025-ல் 'திறன்' என்ற பெயரில் ஆறாம் வகுப்புக்கு மேலும் வந்துவிட்டது. கீழ் வகுப்பு டீச்சர் பக்கத்து அறையில் செய்வதைப் பார்த்துத்தான் நான் என் வகுப்பிலும் மூன்று வட்டம் போட்டேன். பெயர் எதுவும் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஆள் மாறும் என்பது மட்டும் விதி. ஒரே வட்டத்தில் வருடம் முழுக்க உட்கார்ந்தால் அந்த இடமே பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஆகிவிடும்.

ஒரு வட்டத்துக்கு ஈர்க்குச்சி. பிள்ளைகளே வீட்டிலிருந்து பழைய துடைப்பத்தைக் கொண்டுவந்து ஒடித்தார்கள். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் நூறு. 402 என்றால் நாலு பெரிய கட்டும் ரெண்டு உதிரிக் குச்சியும். 178-ஐ எடு என்றால், ஒரு நூறு கட்டை அவிழ்த்தாக வேண்டும். பத்துப் பத்து வரும். அதில் ஒரு பத்தை அவிழ்த்தால் உதிரி 12 ஆகிவிடும். இப்போது கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, 12 குச்சி. எடுத்தால் மிச்சம் 224. கடன், வட்டி எதுவும் வேண்டாம். கட்டை அவிழ்க்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு வட்டத்துக்குப் பின்னம். அங்கே ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அம்மா பூ கட்டி விற்பவர். அரைக் கிலோ மல்லி 300 ரூபாய் என்றால் கால் கிலோ 150 என்று யோசிக்காமல் சொல்வாள். ஆனால் தாளில் 1/4 பெரிதா 1/8 பெரிதா என்றால் 1/8 என்றுதான் எழுதினாள். கேட்டால், "எட்டுதானே டீச்சர் பெருசு?" என்றாள்.

"உங்க பாட்டி அரைக்கால்னு சொல்லிக் கேட்டிருக்கியா?" என்றேன்.

"ஆமா டீச்சர், அரைக்கால் படி உளுந்துன்னு சொல்லும்."

"அரைக்கால்னா என்ன?"

கொஞ்சம் யோசித்தாள். "காலுல அரை."

ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து மடிக்கச் சொன்னேன். ஒரு மடிப்பில் அரை. இன்னொரு மடிப்பில் கால். மூன்றாவது மடிப்பில் அரைக்கால். விரித்து எண்ணினாள். எட்டுக் கட்டம். ஒரு கட்டத்தை விரலால் தொட்டுவிட்டு, பழைய தாளை வாங்கி, தான் எழுதிய விடையைத் தானே அடித்து மாற்றினாள். நான் எதுவும் சொல்லவில்லை.

நம் பாட்டிமார் பேச்சில் எவ்வளவு கணக்கு இருக்கிறது பாருங்கள். முக்கால் என்றால் மூன்று கால். அரைக்கால் என்றால் அரையால் காலைப் பெருக்குவது. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. பின்னப் பெருக்கல் பாடம் வரும்போது 1/2 × 1/4 = 1/8 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதுக்கு உங்க வீட்டுல பேரு என்ன?" என்று கேட்பேன். வகுப்பே கத்தும், "அரைக்கால்!"

சரி, இந்த 15 நிமிடம் எங்கிருந்து வந்தது? வருடத்தில் 180 கணக்கு பீரியட் கிடைத்தால், 15 நிமிடம் வீதம் 45 மணி நேரம். சின்ன நேரம் இல்லை. அதைப் பயிற்சிக் கணக்குகளிலிருந்துதான் எடுத்தேன். ஒரே மாதிரிப் பத்துக் கணக்கு இருந்தால் நாலு வகுப்பில், மீதி வீட்டில். பாடத்திட்டம் கேட்பது பிள்ளைக்கு அந்தத் திறன் வந்ததா என்பதைத்தான். எல்லாக் கணக்கையும் பலகையில் எழுதி, எல்லாரும் அதைப் பார்த்து எழுதியாக வேண்டும் என்று அது கேட்கவில்லை.

சில பாடங்களில் மேல் படியும் கீழ்ப் படியும் ஒரே தாளில் சேரும். ஆறாம் வகுப்பில் 'பட்டியல், இலாபம் மற்றும் நட்டம்' என்று ஒரு பாடம் உண்டு. அதற்கு எல்லாரையும் வீட்டு மளிகைச் சீட்டு கொண்டுவரச் சொன்னேன். துவரம் பருப்பு ஒரு கிலோ விலை என்ன, அரைக் கிலோ விலை என்ன, மொத்தம் சரியா என்று பார்த்தார்கள். பெருக்கல் வராத பிள்ளைக்குப் பெருக்கல் பயிற்சி, வந்த பிள்ளைக்குப் பட்டியல் பாடம். கடைக்காரர் கூட்டலில் 8 ரூபாய் அதிகம் போட்டதைக் கண்டுபிடித்த பையன் ஒரு வாரம் ஹீரோவாகத் திரிந்தான்.

எல்லாருக்கும் இது பிடித்ததா என்றால், இல்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் ஈர்க்குச்சிக் கட்டுகளைப் பார்த்துவிட்டு, "இது ஆறாங்கிளாஸா, ஒண்ணாங்கிளாஸா?" என்று கேட்டார். பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார். நாலு கேள்வித் தாள்களையும் பதிவேட்டையும் எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். பிறகு, "போர்ஷன்ல எங்கே இருக்கீங்க?" என்றார். ரெண்டு பயிற்சி பின்னால் இருக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். 'பாடப்பகுதியை விரைந்து முடிக்கவும்' என்று பார்வையாளர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடமும் மேலே ஒருவர் அதே கேள்வியைத்தான் கேட்பார். பருவம் முடிவதற்குள் அந்த ரெண்டு பயிற்சியையும் முடித்துவிட்டேன்.

ஆனால் இது அதிகாரிக்குப் பதில் சொல்லும் விஷயம் மட்டும் இல்லை. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. நல்ல விதி. பத்து வயதுப் பிள்ளையை ஃபெயில் என்று சொல்லி உட்கார வைத்தால் அது பள்ளிக்கூடத்தையே விட்டுவிடும். ஆனால் எட்டோடு அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் 100-க்கு 35 எடுத்தாக வேண்டும். மூன்றாம் வகுப்பில் உடைந்த படியை யாரும் சரிசெய்யாவிட்டால், பிள்ளை விழும் இடம் அதுதான். வீட்டில் அது தெரியும். அதனால்தான் கணக்கு வராத பிள்ளையை எட்டோடு நிறுத்தும் பேச்சு எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது.

அப்படி ஒரு அப்பா வந்தார். குத்தகை விவசாயி. ஆறாம் வகுப்பு முதல் வாரத்தில் 376 எழுதிய பிள்ளைகளில் அவர் மகனும் ஒருவன். இப்போது எட்டில் இருந்தான்.

"எட்டு முடிஞ்சதும் திருப்பூர்ல என் தம்பி டீக்கடையில விட்டுடலாம்னு இருக்கேன் டீச்சர். அவனுக்குக் கணக்கு வரலை. பத்தாவதுல கோட்டைதான் விடுவான். ரெண்டு வருஷம் எதுக்கு வீணா?"

மார்க் ஷீட் எடுத்துக் காட்டுவதில் அர்த்தம் இல்லை என்று தோன்றியது. "நீங்களே ஒரு கணக்குக் கேளுங்கண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். அப்புறம் மகனைப் பார்த்து, "அஞ்சு மா குத்தகைக்கு எடுத்திருக்கேன். மாவுக்கு ரெண்டரை மூட்டை. மூட்டை அறுபது கிலோ. எத்தனை கிலோ அளக்கணும்?" என்றார்.

பையன் தாள் கேட்கவில்லை. வாய்க்குள் முணுமுணுத்தான். "பன்னெண்டரை மூட்டைப்பா. பத்து மூட்டை அறுநூறு. ரெண்டு மூட்டை நூத்தி இருபது. அரை மூட்டை முப்பது. எழுநூத்தி அம்பது கிலோ."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரியாத்தான் சொல்றான்" என்றார் என்னிடம். நான் இன்னொன்று கேட்டேன்: "இருபது மா ஒரு வேலி. அப்ப அஞ்சு மா எவ்வளவு வேலிடா?"

"கால் வேலி டீச்சர்."

"பத்தாவது வரைக்கும் பாப்போம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார் அவர். அதற்கு மேல் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பையன் இப்போது பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறான். அடுத்த வருடம் பத்தாவது. அவனுக்கு இயற்கணிதம் இன்னும் கொஞ்சம் திணறலாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை சில நாள் சைக்கிளில் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போகிறான்.

இதைப் படிக்கும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லாரிடமும் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலாவது, "எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம், என் பிள்ளையும் அப்படித்தான்" என்று அதன் காதுபடச் சொல்லாதீர்கள். முடியின் நிறம்போலக் கணக்கும் பரம்பரையாக வருவது என்று பிள்ளை நம்பிவிடும். அப்புறம் முயற்சி எதற்கு?

இரண்டாவது, டியூஷனில் அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துகிறார்கள் என்று பெருமைப்படுவதற்கு முன், இந்த வகுப்புப் பாடநூலைத் திறந்து பாருங்கள். மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, உங்கள் போனிலேயே பார்க்கலாம். பாடத்தின் தொடக்கத்தில் இருக்கும் கற்றல் நோக்கங்களில் ஒன்றைப் படித்துக் காட்டி, "இது உனக்கு வருதா, ஒரு கணக்குப் போட்டுக் காட்டு" என்று சொல்லுங்கள். வரவில்லை என்றால் அதை டீச்சரிடம் வந்து சொல்லுங்கள். "மார்க் கம்மியா இருக்கு" என்பதைவிட "சமமான பின்னம் வரலை டீச்சர்" என்று நீங்கள் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

மூன்றாவது, இன்று இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. 224 வந்தால் தட்டிக்கொடுங்கள். 376 வந்தால் திட்டாதீர்கள், உடனே சரியான விடையையும் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். அது சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். பழைய துடைப்பம் ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.